வாங்கில் நனையாத இடம்

பேய், பிசாசு என்று யாராவது கதையைத் தொடங்கினால் சிரித்துவிட்டு எழும்பிப் போகிற ஆள் நான். இப்போதும் பேயை நம்புவதில்லை. ஆனால் என்னிடம் இருக்கிற ஒரு படத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை, கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

யுத்தக் காலம். வெள்ளவத்தை ஸ்டூடியோ ஒன்றில் பாஸ்போட் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மனிதாபிமானப் படங்களுக்கென்று ஒரு போட்டி அறிவித்தார்கள், முதற்பரிசு வெளிநாட்டுப் பயணம். அந்த நாட்களில் வெளியே போக யாருக்குத்தான் ஆசையில்லை? ஒரு செவ்வாய்க்கிழமை கமராவைத் தூக்கிக்கொண்டு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனேன்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. வெளியே சனம் குந்துகிற நீளச் சீமெந்து வாங்கில் ஒரு அம்மா, பக்கத்தில் கறுப்புக் குடை, மடியில் ஒரு பொடியனின் படம். வாங்கு முழுக்க ஈரம், மழைக்கு முன்பே வந்து இருந்தவர் அசையவே இல்லைப் போல. கேட்காமலே எடுத்துவிட்டேன். போட்டி விண்ணப்பத்தில், படத்தில் இருப்பவரிடம் அனுமதி வாங்கினீர்களா என்ற கேள்விக்கு, வெட்கமில்லாமல் ஓம் என்று எழுதினேன்.

பிலிமைக் கழுவிப் பார்த்தால் மற்றப் படமெல்லாம் சரி, நம்பினால் நம்புங்கள், அந்தப் படத்தில் மட்டும் அம்மா இல்லை. வாங்கு இருக்கிறது, குடை இருக்கிறது, ஈரத்துக்கு நடுவே ஓராள் அளவுக்குக் காய்ந்த இடம் இருக்கிறது. முதலாளி எட்டிப் பார்த்து, "ஆளில்லாத வாங்கை எதுக்கடா எடுத்தனி, விசரா?" என்றார்.

அடுத்த செவ்வாய் விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். அதே இடத்தில் இருந்தார்.

"அம்மா, போன கிழமை கேக்காமல் உங்களை ஒரு படம் எடுத்தனான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் கோபப்படவில்லை. மலையகத்துப் பேச்சு. "என்னையத் தனியா எடுக்காதீங்க தம்பி. கொட்டாஞ்சேனக் கடையில வேலைக்கு நின்ன எம்மகனப் புடிச்சிட்டுப் போயி ரெண்டு வருசம். அவன் வரட்டும், ரெண்டு பேரும் இதே எடத்துல ஒக்காருறோம், அப்ப எடுங்க."

ஸ்டூடியோவுக்கு வந்து விண்ணப்பத்தைக் கிழித்தேன், படத்தையும் நெகட்டிவையும் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். பிறகு செவ்வாய்க்குச் செவ்வாய் கமராவோடு போய் அவருடன் கொஞ்சம் கதைத்துவிட்டு வருவேன். ஒரு செவ்வாய் மட்டும் செக்பொயிண்டில் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பின்னேரம் வரை வைத்திருந்தார்கள், போக முடியவில்லை. அடுத்த கிழமை போனால் வாங்கு வெறுமை. அதற்கடுத்த கிழமையும் அவர் இல்லை. மெழுகுதிரி விற்கிறவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஸ்டூடியோவுக்கு வந்து லாச்சியைத் திறந்தேன், பூட்டின் திறப்பு என்னிடம் மட்டும்தான் இருந்தது. படத்தில் குடையைக் காணவில்லை. ஈரம் அப்படியே இருந்தது. காய்ந்த இடம் அகலமாகியிருந்தது, இரண்டு பேர் நெருங்கி இருந்துவிட்டு எழும்பிப் போன அளவுக்கு. நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தேன், அதிலும் அப்படித்தான். ஐயோ, எனக்குப் பயம் வரவில்லை, கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது.

அவன் வந்தானா, அவர்தான் அவனிடம் போனாரா, யாரிடம் கேட்பது? இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாதது அதுகூட இல்லை. வந்தால் எடுங்க என்று சொன்னாரே, அந்த ஒரு செவ்வாய் நான் அங்கே இல்லை.