ஆர்லீன் பேரில் ஒரு பிடிவாரண்ட்

எங்கள் பள்ளிக்கூடத்தின் நான்காம் எண் பேருந்தை ஆர்லீன் கோவாரிக் இருபது வருஷத்துக்கும் மேலாக ஓட்டுகிறாள். ராஸ்மஸ் கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தின் வடக்குப் பக்கம் முழுக்க மண்சாலை. கோதுமை வயலும் மாட்டுப் பண்ணையும் விட்டால் ஒன்றுமில்லை. ஜனவரியில் பனி மூடி சாலை எது, வயல் எது என்று தெரியாமல் போகும்போதும் அவள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவாள். அதிகம் பேசமாட்டாள். சட்டைப்பையில் சூரியகாந்தி விதை எப்போதும் இருக்கும், கொறித்துக்கொண்டே ஓட்டுவாள். லைல் என்கிற புருஷனை விவாகரத்து செய்து வெகுநாளாகிவிட்டது. மகள் ராப்பிட் சிட்டியில் இருக்கிறாள். நான் வெண்டல், பேருந்துக் கொட்டகையில் மெக்கானிக். தினமும் காலையில் அவள் முகத்தில்தான் நான் முழிக்கிறேன்.

அந்த செப்டம்பரில் ஒருநாள் பியூலாவின் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். ஆர்லீன், நான், அவளுடைய எதிர்வீட்டுத் தோழி மார்வெல் ஸ்ட்ரோபெல். பியூலா கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேனர் வைத்திருப்பாள். கவுண்டிப் போலீஸ் தலைவரான ஷெரீஃபின் ஆட்கள் வயர்லெஸ்ஸில் பேசுவதெல்லாம் அதில் கேட்கும். ஊருக்கே செய்தி அங்கிருந்துதான் போகும்.

"ஆர்லீன், என்னத்தப் பண்ணித் தொலைச்ச?" என்றாள் பியூலா, காப்பியை ஊற்றிக்கொண்டே.

"நான் என்ன பண்ணேன்?"

"நேத்து உன் பேர சொன்னானுங்க. கோவாரிக்னு நல்லாக் கேட்டுச்சு. அப்புறம் வாரண்ட்னு ஒரு வார்த்த. அதுக்குள்ள எவனோ ஆப்பிள் பை கேட்டான், நான் அடுப்படிக்குப் போயிட்டேன்."

பக்கத்து மேசைகளில் முள்கரண்டிச் சத்தம் நின்றது. ஆர்லீன் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் பேரில் வாரண்ட் இருப்பதாகத் தெரிந்தால் அன்றைக்கே சாவியை வாங்கிக்கொள்வார்கள்.

"லைலோட வேலையா இருக்கும்டீ" என்று மார்வெல் அவள் காதருகே குனிந்து சொன்னாள். "நாய் விஷயத்துல சண்ட போட்டீங்கல்ல? எங்கயாச்சும் போய் பத்த வச்சிருப்பான்."

அன்றிலிருந்து ஆர்லீன் ஆர்லீனாக இல்லை. ஓமாஹாவிலிருந்து புதிதாக வந்த டெபுடி ஒருவன், ஷெரீஃபின் கீழ் வேலை செய்கிற போலீஸ்காரன், க்வேட் என்று பெயர், அவள் வீட்டுத் திருப்பத்தில் காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். தன் காரைத் தானியக் குதிர்களுக்குப் பின்னால் மறைத்து நிறுத்தினாள். ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நாயின் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டதாக மறுநாள் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு என்னையே உற்றுப் பார்த்தாள்.

"நான் சுத்துவழியா வர்றது உனக்குத் தெரியும். வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"என்னையே சந்தேகப்படுறியா?"

"எல்லாரையுந்தான்."

வாரண்ட் உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம் என்றேன். கொட்டகை ஆபீஸ் கணினியில் மாநில நீதிமன்றங்களின் வழக்குத் தேடல் பக்கத்தைத் திறந்தோம். அவள் பெயரைப் போட்டோம். கன்னிப்பெயரையும் போட்டோம். விவாகரத்து வழக்கு ஒன்றுதான் வந்தது. அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் மறுநாளும் க்வேட் திருப்பத்தில் நின்றான்.

"அந்தப் பக்கத்துல எல்லாம் இருக்கும்னு என்ன நிச்சயம்?" என்றாள். "மறைச்சு வச்சிருந்தா?"

சரி, நீதிமன்ற எழுத்தரிடம் கேட்டுவிடு என்றேன். எண் தெரிந்துவிடும் என்று தன் போனைத் தொடவில்லை. என் போனை வாங்கிக் குரலைக் கட்டையாக்கிக்கொண்டு பேசினாள்.

"வணக்கம். என் அக்கா பேர்ல வாரண்ட் ஏதும் இருக்குமோன்னு அவளுக்கு ஒரு பயம். அத எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அந்தப் பக்கம் எழுத்தர் ஜோய்ஸ். அவளுடைய இரண்டு பையன்களும் ஆர்லீன் பேருந்தில்தான் போய்வந்து படித்து முடித்தார்கள்.

"ஆர்லீன், உனக்குத்தான் அக்காவே கிடையாதே."

ஆர்லீன் போனைக் கீழே போடப் போனாள். நான் பிடித்துக்கொண்டேன்.

"இதெல்லாம் போன்ல சொல்றதில்ல" என்றாள் ஜோய்ஸ், குரலைத் தாழ்த்தி. "நேர்ல வா. இல்லாட்டி ஒரு வக்கீல விட்டுக் கேளு. வக்கீல விட்டுக் கேக்கறதுதான் நல்லது. நான் சொல்றது புரியுதா?"

நேரில் வந்தால் மாட்டிக்கொள்வாய் என்கிறாள், எனக்குப் புரிந்தது. ஆர்லீனுக்கு அது வலையாகத்தான் தோன்றியது. எங்கள் நீதிமன்றக் கட்டடத்தில் எழுத்தர் ஜன்னலும் ஷெரீஃப் அலுவலகமும் எதிரெதிரே. இங்கே கேட்டுவிட்டுத் திரும்பினால் அங்கே மாட்டிக்கொள்ளலாம். அதுவும் நீதிபதி பல கவுண்டிகளைச் சுற்றுகிறவர், எங்களிடம் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். வெள்ளிக்கிழமை பிடித்தால் செவ்வாய்வரை உள்ளேதான். எங்கள் ஊர்ச் சிறையையும் மூடிவிட்டார்கள், பக்கத்துக் கவுண்டிக்குக் கொண்டுபோவார்கள்.

அன்று சாயங்காலம் மார்வெல் கொலாச்சி என்கிற பழ ரொட்டி செய்து எடுத்துக்கொண்டு வந்தாளாம்.

"நீ எங்கயும் போய் விசாரிக்காத, ஆர்லீன். கேட்டாத்தான் கிளறின மாதிரி ஆகும். கொஞ்ச நாள் பேசாம இரு, தன்னால மறந்துருவானுங்க. அந்த ஜோய்ஸ நம்பாத. வெண்டலும் எதுக்கு இவ்வளவு அக்கற காட்டறான்னு பாத்துக்க."

மறுநாள் ஆர்லீன் இதை அப்படியே என்னிடம் சொன்னாள், நான் என்ன செய்கிறேன் பார்ப்போம் என்பதுபோல. எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன்.

"நான் விசாரின்னு சொல்றேன், அவ விசாரிக்காதங்கறா. இதுல யாருக்கு ஒளிக்க என்ன இருக்குன்னு நீயே பாரு" என்றேன்.

அவள் வாயிலிருந்த விதைத் தோலைத் துப்பிவிட்டு, "உனக்குத் தெரிஞ்ச வக்கீல் யாரு?" என்றாள்.

பக்கத்துக் கவுண்டியில் ஃபே லிண்ட்ஸ்ட்ரம் என்கிற அம்மாளிடம் அவளைக் கூட்டிப்போனேன். அவர் ஒளிவுமறைவு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் முன்னாலேயே ஜோய்ஸைக் கூப்பிட்டு, கோவாரிக் பேரில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கொஞ்ச நேரம் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார். போனை வைத்தார்.

"வாரண்ட் இருக்கு. ஆனா உங்க மேல வழக்கு இல்ல. அதான் உங்க பேரப் போட்டுத் தேடினப்ப வரல. நீங்க சாட்சி. சம்மன் வந்தும் ஆகஸ்ட்ல நீங்க கோர்ட்டுக்குப் போகல, அதனால நீதிபதி பிடிவாரண்ட் போட்டிருக்காரு. வழக்கு ட்வைட் ஸ்ட்ரோபெல் மேல."

ட்வைட் மார்வெலின் ஒரே மகன். ஏப்ரலில் ஒருநாள் ஆர்லீன் பேருந்தை நிறுத்தியிருந்தாள். எல்லா வண்டியும் நிற்க வேண்டும் என்கிற சிவப்பு விளக்கெல்லாம் எரிய, பீட்டர்சன் வீட்டுச் சின்னப்பெண் இறங்கிச் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். ட்வைட் தன் பிக்கப் வண்டியை நிறுத்தாமல் பக்கத்தில் புகுந்து போனான். வண்டிக் கண்ணாடி பட்டுப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி பறந்தது. இன்னும் ஓரடி தள்ளியிருந்தால் பிள்ளை போயிருக்கும். ஆர்லீன்தான் வண்டி எண்ணைப் பார்த்துச் சொன்னாள். தோழியின் மகன் என்று தெரிந்தும் சொன்னாள்.

"அது முடிஞ்சுபோச்சே" என்றாள் ஆர்லீன். "ட்வைட் தப்ப ஒத்துக்கிட்டான்னாங்களே."

"யாரு சொன்னா?" என்று வக்கீல் கேட்டார்.

"மார்வெல்" என்றாள் ஆர்லீன். ஜூலையில் அவள் ராப்பிட் சிட்டிக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அத்தனை நாளும் நாய்க்குச் சோறு வைத்தது, செடிக்குத் தண்ணீர் ஊற்றியது, வந்த தபாலை எடுத்து வைத்தது எல்லாம் மார்வெல்தான்.

திரும்பி வரும்போது ஆர்லீன் மார்வெல் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். மார்வெல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னையும் கூடவே இறங்கச் சொன்னாள் ஆர்லீன்.

"எனக்கு வந்த பதிவுத் தபால நீயா வாங்குன?"

மார்வெல் கையிலிருந்த போர்வையைக் கூடையிலேயே போட்டுவிட்டாள். பொய் சொல்லலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"தபால்காரன் நீட்டுனான், வாங்குனேன். கோர்ட்டுன்னு போட்டிருந்துச்சு. சாட்சி வரலன்னா கேஸ் தானா தள்ளுபடியாயிரும்னு ட்வைட் சொன்னான். உன் மேல வாரண்ட் விழும்னு எனக்கு சத்தியமாத் தெரியாதுடீ."

"பியூலா கடையில தெரிஞ்சுபோச்சுல்ல. அப்பயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ போய் சாட்சி சொல்லுவ."

"ஆமா. சொல்லுவேன்."

"அவன் என் புள்ள, ஆர்லீன்."

"பீட்டர்சனுக்கும் அது புள்ளதான்."

மார்வெல் அழ ஆரம்பித்தாள். ஆர்லீன் ஒரு கணம் கையைத் தூக்கினாள், தோளைத் தொடப் போகிறாள் என்று நினைத்தேன். தொடவில்லை. சாலையைக் கடந்து தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வக்கீல் ஏற்பாட்டின்படி, செவ்வாய்க்கிழமை ஆர்லீன் தானாகவே நீதிமன்றத்துக்குப் போனாள். நான்தான் கூட்டிப்போனேன். தேவாலயத்துக்குப் போடும் நீலச் சட்டை போட்டிருந்தாள். நடைக்கூடத்தில் க்வேட் எதிரே வந்தான். அவளுக்கு முகம் வெளுத்தது. அவன் தொப்பியைக் கழற்றினான்.

"உங்க வீட்டுக்கு ரெண்டு தடவ வந்தேன் மேடம். வக்கீல வச்சுக்கிட்டு நீங்களே வந்துருங்கன்னு சொல்லத்தான். பஸ்ஸுல பிள்ளைங்கள வச்சுக்கிட்டு உங்கள நிறுத்த எனக்கு மனசு வரல."

"இத வெளிய நின்னு கத்தியிருக்கக் கூடாதா?" என்றாள் ஆர்லீன்.

"நாய் இல்லாத வீடு மாதிரி இருந்துச்சு. ஆனா உள்ள யாரோ 'ஷ்'ன்னது கேட்டுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

நீதிபதி அவளை முதலிலேயே அழைத்தார். சம்மனுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். தன் கைக்கு வரவில்லை என்றாள். யார் வாங்கினார்கள் என்று கேட்டார். கடைசி வரிசையில் மார்வெல், பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆர்லீன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"எதிர்வீட்டு மார்வெல் ஸ்ட்ரோபெல், ஐயா. அவங்களே என்கிட்ட ஒத்துக்கிட்டாங்க."

நீதிபதி வாரண்டை ரத்து செய்தார். மார்வெலை எழுந்து நிற்கச் சொல்லிக் கடுமையாகப் பேசினார். அவள்மேல் வழக்குப் போடுவதா என்பதை அரசு வக்கீல் முடிவு செய்யட்டும் என்றார். அவரோ பின்னால் அதைக் கையிலெடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ட்வைட் வழக்கில் ஆர்லீன் சாட்சி சொன்னாள். பார்த்ததைச் சொன்னாள், பார்க்காததைச் சொல்லவில்லை. ட்வைட்டின் ஓட்டுநர் உரிமம் ஆறு மாதம் போயிற்று.

பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. மார்வெலும் அவளும் இப்போது பேசிக்கொள்வதில்லை. ஒருத்தி சாலைக்கு வந்தால் மற்றவள் உள்ளே போய்விடுவாள். நடுவில் இருப்பது ஒரு மண்சாலைதான், அகலம்கூட அதிகமில்லை.

நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று ஆர்லீன் கொட்டகைக்கு வந்து என்னிடம் கேட்டாள்:

"என் நாய்க்கு ஒரு வாரம் சோறு வைக்க முடியுமா? மகள் வீட்டுக்குப் போறேன்."

"வைக்கிறேன். தபால எடுத்து வைக்கவா?"

அவள் வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாள்.

"வேண்டாம்" என்றாள். "அது தபாலாபீஸ்லயே கிடக்கட்டும்."