மழைக்குப் பிறகு எடுத்த தண்ணீர்

என் மேசை மேல் ஒரு குளிர்பான பாட்டில் இருக்கிறது. லேபிளைக் கிழித்துவிட்டு அதில் கிணற்றுத் தண்ணீர் பிடித்திருக்கிறார்கள். வரும்போது கழுத்து வரை இருந்தது, இப்போது ஒரு மடக்கு குறைகிறது. ஆம்பூரில் ஒரு மாடியில் தண்ணீர் பரிசோதனைக் கூடம் நடத்துகிற எனக்குப் பாட்டில்கள் புதிதல்ல. ஆனாலும் இந்த ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் சீஃப் ஞாபகம் வருகிறது, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போகிறது.

சீஃப் என்றால் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த தோல் தொழிற்சாலையின் தலைமைக் கெமிஸ்ட். பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்களை நான் பார்த்ததில்லை. ஒல்லியான மனிதர். தீபாவளிக்கு வரும் இனிப்புப் பெட்டியைக்கூட வாட்ச்மேனிடம் தள்ளிவிட்டுப் போவார். அவருக்கு ஒரே ஒரு கொள்கை. ரிப்போர்ட்டில் பொய் எழுத மாட்டார். ஒருமுறை முதலாளி வீட்டு ஆள் வந்து, கழிவுநீர்க் கணக்கில் ஒரு எண்ணைக் கொஞ்சம் இறக்கிப் போடச் சொன்னார். சீஃப் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். “பேனா என்னுது, நம்பர் தண்ணியோடது. ரெண்டுத்தையும் என்கிட்ட கேக்காதீங்க.” வந்தவர் கிளம்பிப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற எனக்குப் புல்லரித்தது. இருந்தால் இப்படி இருக்க வேண்டும் என்று அன்றே முடிவு கட்டிக்கொண்டேன்.

தொழிற்சாலையைச் சுற்றியிருந்த கிணறுகளிலும் வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். எப்போது எடுப்பது என்பது சீஃப் கையில் இருந்தது. ஐப்பசி பிறந்து நாலு மழை நன்றாக இறங்கிய பிறகுதான் ஜீப்பை எடுக்கச் சொல்வார். கிணறுகள் அப்போது ததும்பிக்கொண்டிருக்கும். தோல் பதனிடுவதிலிருந்து மண்ணில் இறங்கிய உப்பும் குரோமியமும் மழைத் தண்ணீரில் கரைந்து கம்மியாகத் தெரியும். வந்த எண்ணை அப்படியே, ஒரு புள்ளிகூட மாற்றாமல் எழுதுவார். சித்திரையில் எடுத்தால் என்ன சார் என்று ஒருநாள் கேட்டேன். “சித்திரையில தண்ணி எங்கம்மா இருக்குது? கயிறு ஜாஸ்தி வாங்கணும்” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. கோடையில் கிணற்றின் அடியில் ஊறி நிற்கும் அந்தக் கொஞ்சம் தண்ணீரைத்தான் சுற்றி இருந்த வீடுகளில் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நான் தனியாகக் கூடம் தொடங்கினேன். சீஃப்பின் கொள்கையையும் கூடவே கொண்டுவந்தேன். அவருடைய மழைக் காலண்டரும் சேர்ந்தே வந்துவிட்டது, அதை மட்டும் நான் வெளியில் சொல்லிக்கொண்டதில்லை. எனக்கு வேலை கொடுப்பவர்களில் பெரும்பாலோர் தோல் தொழிற்சாலைக்காரர்கள். சீஃப் போன மாதம் திருப்பத்தூரில் காலமானார். இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். ஒரு பொய் எண்ணைக்கூட எழுதாத கை என்று சொன்னேன். அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, அதுவும் நிஜமான அழுகைதான்.

அடுத்த வாரம், பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், என் வயதையொத்த ஒரு பெண் மாடி ஏறி வந்தாள். கையில் இந்தப் பாட்டில்.

“எங்க கெணத்துத் தண்ணி மேடம். பொண்ணு மாசமா இருக்கா, பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கா. பஞ்சாயத்துத் தண்ணி சரியா வர்றதில்ல. இத குடிக்கலாமான்னு பாத்துச் சொல்லணும்.”

எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னாள். அந்தக் கிணற்றை ஒட்டி இருக்கும் தொழிற்சாலை என்னுடைய பழைய வாடிக்கை. என் வாய் தானாகத் திறந்தது. “இப்ப கெணத்துல தண்ணி கம்மியா இருக்கும். நாலு மழை பேயட்டும், அப்புறம் கொண்டாங்க, பாக்கலாம்.” ஒரு வார்த்தை பொய் இல்லை. சீஃப் உட்கார்ந்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

“சரிங்க மேடம். மழ வந்ததும் எடுத்தாறேன்” என்றாள். அவள் சண்டை போட்டிருக்கலாம், மழை வருவதற்குள் குழந்தையே பிறந்துவிடுமே என்று கேட்டிருக்கலாம். படித்தவள் சொல்கிறாள் என்று நம்பிவிட்டாள். எழுந்தவளுக்கு வெயிலில் வந்த தாகம். பாட்டிலைத் திறந்து அண்ணாந்து ஒரு மடக்கு குடித்தாள்.

“குடிக்காதீங்க” என்றேன். கத்தியே விட்டேன் போலிருக்கிறது, உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

அவள் பாட்டிலை இறக்கி என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. “டெஸ்ட்டே பண்ணலியே மேடம், எப்டிச் சொல்றீங்க?”

பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன்.

அவள் போனதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொள்கை வைத்திருப்பவர்கள் அதை முழு வாக்கியமாக, யாரைப் பாதிக்குமோ அவர் முன்னால் நின்று ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும். பொய் எழுத மாட்டேன் என்பது பாதி வாக்கியம். ‘பொய் எழுத மாட்டேன், உண்மை எப்போது சாதுவாக இருக்குமோ அப்போது பார்த்துப் போய் எடுப்பேன்’ என்பதுதான் எங்கள் கொள்கை. அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல சீஃப்பால் முடிந்திருக்காது. என்னாலும் முடியாது. நாங்கள் காப்பாற்றியது தண்ணீரை இல்லை, எங்கள் கையை. அந்தக் கையைத்தான் கூட்டத்தில் புகழ்ந்தேன். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது, அவரை இன்னும் வெறுக்க முடியவில்லை என்பதிலும் வெட்கமாக இருக்கிறது.

பாட்டில் இதோ எதிரில் இருக்கிறது. இன்று இதைப் பரிசோதனைக்குப் போடப்போகிறேன். எண் எதுவானாலும் நாளை அவளிடம் சொல்வேன், வாடிக்கை போனால் போகட்டும். ஆனால் அவள் என்னிடம் கேட்டது வேறு. பரிசோதிக்காமலே எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். அதற்கு நாளைக்கு நான்தான் வாய் திறந்தாக வேண்டும்.