ஜூலியா சோற்றைக் குறைத்த கதை

பெங்களூர் விவேக் நகரில் குழந்தை ஏசு கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஜூலியாவிடம் வாய் கொடுக்க எவரும் துணிய மாட்டார்கள். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வந்து அவள் வாசலை மறித்து பைக் நிறுத்திய யாரையாவது கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். வாயைவிடப் பெரியது அவள் பிடிவாதம். ஒன்றைக் கையில் எடுத்தால் அதன் முடிவைப் பார்க்காமல் விடமாட்டாள். புருஷனைக் குடியிலிருந்து மீட்டது அந்தப் பிடிவாதம்தான். இப்போது அதையே அவள் தினமும் சபித்துக்கொண்டிருக்கிறாள்.

புருஷன் ஆரோக்கியதாஸ் பொம்மசந்திராவில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் குடித்தவர். சாயங்காலம் அவர் கழற்றிப் போடும் சட்டையை முதலில் ஜூலியாதான் எடுப்பாள். பையில் சாராய டெட்ரா பாக்கெட் இருந்தால் அன்றைக்கு அந்தச் சந்தே தூங்காது. "சளிக்கு பிராந்தி நல்லதுன்னு டாக்டரே சொன்னாருடி" என்று ஒருமுறை துணிந்து சொல்லிப் பார்த்தார். அதற்கு வாங்கிய திட்டு இன்றுவரை அங்கே பேச்சாக இருக்கிறது. ஒருநாள் வேலைக்கே போதையோடு போய்விட்டார். கூட வேலை செய்யும் கன்னடக்காரன் மஞ்சுநாத்தான், சூப்பர்வைசர் கண்ணில் படாமல் அவரைக் குடோனில் அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் படுக்கவைத்து, தெளிந்த பிறகு எழுப்பி அனுப்பினான். வேலை தப்பியது. அந்த வெட்கத்தில் கோயிலுக்குப் போய்ச் சத்தியம் செய்தார் தாஸ், சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். குடி போய் வருஷங்கள் ஆகியும் சட்டைப்பையைத் துழாவும் பழக்கம் மட்டும் ஜூலியாவை விட்டுப் போகவில்லை.

குடி போன வீட்டுக்குச் சர்க்கரை வந்தது. முதலில் மாத்திரை, பிறகு காலையும் இரவும் இன்சுலின் ஊசி. போன தீபாவளிக்குப் பிறகு நடந்த கம்பெனி செக்கப்பில், அடுத்த முறைக்குள் சுகர் குறையாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கி பேக்கிங்கில் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். தாஸ் வீட்டுக்கு வந்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வண்டிய விட்டு எறக்கிட்டா அப்புறம் நான் எதுக்குடி?" என்றார்.

"எறக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் ஜூலியா.

அவள் ஈஜிபுராவில் பெண்கள் தங்கும் ஒரு பி.ஜி.யில் சமையல் செய்கிறாள். அங்கே தாரணி என்று ஈரோட்டுப் பெண், ஐ.டி. வேலை. சோற்றைக் குறைத்து, முட்டையும் பயறும் காயும் தின்று உடம்பைப் பாதியாக்கியவள். ஜூலியா அவளைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன்பே சோற்றுக்குப் பதிலாகத் தாஸுக்கு ராகிக் களி போட ஆரம்பித்திருந்தாள். சுகருக்கு நல்லதென்று ஊரே சொல்லியிருந்ததால் உருண்டை ஒவ்வொன்றும் தேங்காய் அளவில் இருந்தது. தாரணி சிரித்துவிட்டாள்.

"களியும் சோறு மாதிரி கார்ப்ஸ்தான் அக்கா. அளவு முக்கியம். தட்டுல பாதி காய் இருக்கணும். கால் பங்கு புரோட்டீன். மிச்ச இடத்துலதான் சோறோ களியோ."

ஜூலியாவுக்குப் பாதி, கால் என்றெல்லாம் அளந்து செய்யத் தெரியாது. செய்தால் முழுசாகச் செய்வாள். மிச்ச இடம் என்று தாரணி விட்டுவைத்ததையும் எடுத்துவிட்டாள். தாஸின் தட்டில் இட்லி நின்றது, சோறு நின்றது, களியும் நின்றது. பீன்ஸ், நூக்கோல், பெங்களூர் கத்தரிக்காய், முளைகட்டின பயறு, கொள்ளு, அவித்த முட்டை, ஞாயிற்றுக்கிழமை கோழி என்று மாறிப்போனது.

"ஆட்டுக்குப் போடற மாதிரி தழையா போடறியேடி" என்பார் தாஸ்.

"ஆடு சுகர்ல சாகறதில்ல. சாப்பிடுங்க."

சாப்பிட்டார். சுகர் நிஜமாகவே இறங்கியது. வீட்டில் சுகர் பார்க்கும் கருவியில் எண் குறையக் குறைய ஜூலியா சந்து முழுக்கச் சொல்லி மகிழ்ந்தாள். ஊசி அளவு மட்டும் பழையபடியே இருந்தது. சுகர் டாக்டரிடம் போகும் நாள் வந்தபோது, இன்னும் கொஞ்சம் குறையட்டும், அப்புறம் போய்க் காட்டினால் டாக்டரே மலைத்துப்போவார் என்று தள்ளிப்போட்டாள். முற்பகலில் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்று தாஸ் சொன்னபோதும் அவளிடம் பதில் இருந்தது. சோறு நிறுத்திய புதிதில் தாரணிக்கும் தலை சுற்றியதாம், பிறகு பழகிவிட்டதாம். தாரணி ஊசி போட்டுக்கொள்வதில்லை என்பது அவள் நினைவுக்கு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தாஸின் சட்டைப்பையில் ஆரஞ்சு மிட்டாய் அகப்பட்டது.

"என்ன இது?"

"டாக்டர்தான் வெச்சுக்கச் சொன்னாரு. மயக்கம் வந்தா போட்டுக்க."

ஜூலியா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிராந்திக்குச் சொன்ன அதே டாக்டர் சாட்சி. அதே முகம். அன்றைக்கு ஏமாறாதவள் இன்றைக்கா ஏமாறுவாள்? மிட்டாய்களைப் பிடுங்கி ஃபிரிட்ஜின் மேலிருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டாள். செக்கப் முடிந்ததும் சந்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். தாஸ் மறுபடி வாங்கினார், அவள் மறுபடி எடுத்தாள். கொஞ்ச நாளில் இது இருவருக்கும் ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. அதுதான் கொடுமை. கண்ணில் சிரிப்போடுதான் எடுத்தாள்.

தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டில் ஒருசந்தி. காலையில் சாப்பாடு கிடையாது, கவுச்சி கிடையாது, முட்டையும் கவுச்சிக் கணக்கில்தான். முதல் வெள்ளியன்று மதியத்துக்கு மட்டும் டிபன் கட்டினாள்: பீன்ஸ் பொரியல், கொஞ்சம் பயறு. தாஸ் வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டு சிலுவை அடையாளம் போட்டுக் கிளம்பினார். வாசலில் ஜூலியா அவர் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தாள். மிட்டாய் இருந்தது.

"தவக்காலத்துலயுமா?"

"சரி, வெச்சுக்கோடி" என்று அவரே எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு நடந்தார்.

மத்தியானம் பி.ஜி.யில் அவள் சாம்பார் இறக்கும்போது போன் வந்தது. ஓசூர் ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது தாஸ் கண் திறக்காமல் கிடந்தார். சர்க்கரை மிகவும் இறங்கி நெடுநேரம் அப்படியே கிடந்ததால் மூளை பாதிக்கப்பட்டுவிட்டது என்றார் டாக்டர். என்ன சாப்பிட்டார், என்ன ஊசி என்று கேட்டார். ஜூலியா ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"சாப்பாட்டுல தப்பில்லம்மா. காய், பயறு எல்லாம் நல்லதுதான். ஆனா சோத்தக் குறைக்கும்போது ஊசியும் குறைக்கணும். வெறும் வயித்துல முழு ஊசி போடவே கூடாது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு, "பாக்கெட்ல ஏதாவது இனிப்பு வெச்சுக்கச் சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க சார்" என்றாள் ஜூலியா.

ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை நேரத்தில் தாஸ் இறந்துபோனார்.

சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாதென்று சந்துக்காரர்கள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். பாத்திரம் பாத்திரமாகச் சோறு. அவர் ஆசைப்பட்டுக் கேட்டபோது ஒரு கரண்டி போடாத வீட்டில் இப்போது வைக்க இடமில்லாமல் சோறு. ஜூலியா அதைப் பார்த்துவிட்டு எழுந்து கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தாள்.

ஏழாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு மஞ்சுநாத் மட்டும் வாசலிலேயே நின்றான். உள்ளே வரச் சொன்னாள். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். சொல்லாம எனக்குத் தூக்கம் வரல."

ஜூலியாவும் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு தாஸண்ணா வண்டிய கொண்டுபோய் தூண்ல இடிச்சுட்டாரு. வேர்த்துக் கொட்டுது, நாக்கு குழறுது, கையப் புடிச்சா தட்டி விடறாரு. பழைய மாதிரி மறுபடி குடிச்சுட்டாருன்னு நெனச்சேன். சூப்பர்வைசர் பாத்தா வேலை போயிடுமேன்னு…" மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "அதே எடத்துல, அட்டைக்குப் பின்னால படுக்க வெச்சுட்டேன் அக்கா. தூங்கி எழுந்தா சரியாயிடும்னு. கொத்தாகலில்ல அக்கா, சத்தியமா எனக்குத் தெரியல."

அவன் அழுதான். ஜூலியாவுக்கு அவனைத் தேற்ற வேண்டும் போலவும் இருந்தது, அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் தனக்கு யோக்கியதை இல்லை என்று உட்கார்ந்திருந்தாள்.

"படுத்துக்கிட்டே சட்டப் பைல கைய விட்டு விட்டு எடுத்தாரு" என்றான் மஞ்சுநாத், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "திரும்பத் திரும்ப என்னமோ தேடினாரு. பீடி தேடறாருன்னு நெனச்சேன். ஒண்ணுமில்ல அண்ணா, படுங்கன்னு நாந்தான் கைய எடுத்து வெச்சேன்."

ஜூலியா எழுந்தாள். ஃபிரிட்ஜின் மேலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். டப்பா முக்கால்வாசி நிறைந்திருந்தது. துக்க வீட்டில் வந்தவனுக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லை போலிருக்கிறது என்று மஞ்சுநாத் நினைத்துக்கொண்டான். மறுக்க மனமில்லாமல் ஓர் ஆரஞ்சு மிட்டாயை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அதத்தான் தேடினாரு மஞ்சு" என்றாள் ஜூலியா.