பேய் பாதியில் விட்ட வார்த்தை

என் சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். பேச்சில் சிக்கனம், முறைப்பில் தாராளம். லிஃப்ட் ஓடும்போது சுவரில் காதை வைத்துக் கேட்டே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். எதிரில் நிற்கும் நான் மூன்று தரம் கூப்பிட்டால்தான் திரும்புவார். வேலை கிடைத்து அவர் ஃப்ளாட்டில் தங்க வந்தபோது, சித்தி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

சித்தி டப்பிங்கில் பின்னணிக் குரல் கொடுத்தவள். பேர் வாங்கும் குரல் இல்லை. கூட்டத்தில் "ஐயோ" என்பது, ஆஸ்பத்திரிக் காட்சியில் விசும்புவது, இருட்டில் அலறுவது, இவ்வளவுதான். வீட்டில் யாராவது போனை நீட்டி ஏதாவது பேசச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "தொண்டைக்கு லீவு" என்பாள். அதனால் வீட்டில் அவள் குரல் எதிலும் இல்லை.

அந்த வீட்டில் என்னைப் படுத்தியது ஒரே ஒரு விஷயம். சித்தப்பா சாப்பாட்டைத் தட்டில் போட்டு, இன்னொரு தட்டால் மூடிவைத்துவிட்டு, வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆறி அவலான பிறகு இரண்டு வாய் கொறிப்பார். கேட்டால் "பசிக்கல" என்பார். பசிக்காத மனிதர் எதற்குத் தட்டை எடுக்கிறார்? எனக்கு எரிச்சலும் பயமும் சேர்ந்து வரும். கதவு நிஜமாகவே திறந்துவிடுமோ என்று நானும் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

அந்த அமைதி தாங்காமல்தான் டிவியில் நெட்டைப் பிடித்து 'மாடிவீட்டுப் பேயம்மா' என்ற தொடரைப் போட்டேன். பேய்க்கு முகமெல்லாம் மாவு, தலையில் பிரிந்துபோன விளக்குமாறு போல ஒரு விக். குடித்தனக்காரர்களை மிரட்ட வரும் பேய், கடைசியில் அவர்கள் சண்டையைத் தீர்த்துவைத்துவிட்டு அலுத்துப்போய்த் திரும்பும்.

"கண்றாவி" என்றார் சித்தப்பா. ஆனால் எழுந்து போகவில்லை. மறுநாள் பேய் லிஃப்டில் ஏறி ஐந்தாம் மாடிப் பொத்தானை அமுக்கியது.

"பேய்க்கு எதுக்கு லிஃப்டு? அதுவும் கதவு மூடறதுக்கு முன்னாடியே கிளம்புது!"

"அது பேய் லிஃப்டு, சித்தப்பா."

"பேயா இருந்தாலும் சென்சார் வேணும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். குலுங்கிக் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் உடனே அம்மாவுக்குப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் வேலையிலிருந்து வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் "போடு" என்பார். பேய் வழுக்கி விழுந்தால் தொடையில் ஓங்கித் தட்டுவார்.

ஒரு சாயங்காலம் பேய் மாடிப்படியில் நின்று நீளமாகச் சிரித்தது. தட்டப் போன சித்தப்பாவின் கை பாதியில் நின்றது.

"திரும்பப் போடு."

போட்டேன்.

"இன்னொரு தரம். சிரிப்பு முடியற இடத்துல கேளு."

சிரிப்பு அடங்கும் இடத்தில் ஒரு மூச்சிழுப்பு. அதை ஒட்டி "போது—" என்று ஒரு துண்டு. ஒலியைக் கத்தரித்தவர் கொஞ்சம் தள்ளிக் கத்தரித்துவிட்டார் போல. பேய்க்கு வசனம் பேசும் பெண்ணின் குரல் வேறு, இது வேறு.

"உங்க சித்தி" என்றார்.

ஸ்டுடியோவில் சிரிப்பு, அழுகை, அலறல் எல்லாவற்றையும் சேமித்துவைத்து, வேண்டிய இடத்தில் எடுத்துப் பொருத்துவார்களாம். அவர்தான் சொன்னார். அதன் பிறகு வீடு வீடாக இல்லை. அந்த இடத்தை மட்டும் போட்டுப் போட்டுக் கேட்டார். குளியலறையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது செத்துப்போன சித்தியின் சிரிப்பு சுவர் வழியாக வரும். விழுந்து விழுந்து சிரித்த தொடர், இப்போது அதன் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டேன்.

"போதும், விடுங்க சித்தப்பா!" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"அவ குரல் எனக்கு மறந்துபோச்சும்மா. மூஞ்சி ஞாபகம் இருக்கு. வாய் அசையறது தெரியுது, சத்தம் வரல. இந்தப் பாதி வார்த்தைதான் மிச்சம்."

லீவு போட்டு, விசாரித்து, அந்தத் தொடருக்கு ஒலி சேர்த்த ஸ்டுடியோவுக்கு அவரைக் கூட்டிப்போனேன். சவுண்டு என்ஜினியர் கத்தரிக்காத பழைய பதிவைத் தேடியெடுத்தார்.

"அக்கா ஒவ்வொரு தடவையும் முடிச்சதும் ஏதாவது பேசுவாங்க. நாங்க வெட்டிடுவோம். இதுல கொஞ்சம் விட்டுட்டேன், தப்புதான் சார்" என்றார்.

"நல்லவேளை விட்டீங்க" என்றார் சித்தப்பா.

ஸ்பீக்கரில் அந்தச் சிரிப்பு வந்தது. மூச்சு வந்தது. அப்புறம் சித்தி, கொஞ்சம் களைப்பாக, எங்கள் வீட்டுச் சித்தியாகப் பேசினாள்.

"போதுமா தம்பி? கிளம்பட்டுமா? அவர் வேற தட்டை மூடி வச்சுட்டுக் கதவையே பாத்துட்டு உக்காந்திருப்பாரு. நீங்க சாப்பிடுங்கன்னா கேக்கறதே இல்ல."

சித்தப்பா லிஃப்ட் சுவரில் வைப்பது போலவே ஸ்பீக்கரில் காதை வைத்தார். அப்படியே அழுதார். நானும் அழுதேன். என்ஜினியர் அதைச் சித்தப்பாவின் போனில் ஏற்றித் தந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தட்டில் சாப்பாட்டைப் போட்டார். மூடவில்லை. "பேயைப் போடு" என்றார். தயங்கித் தயங்கிப் போட்டேன். மாடிப்படி வந்தது, சிரிப்பு வந்தது, "போது—" என்றது.

சித்தப்பா கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. வாய் நிறையச் சாப்பாட்டோடு டிவியைப் பார்த்துச் சொன்னார்:

"சாப்பிட்டுட்டுதான் இருக்கேன்."