மூன்றாவது வெடி

துப்பாக்கிச் சத்தத்தை எண்ணத் தெரியாதவன் எங்கள் குடகில் பிழைக்க முடியாது. ஆண்பிள்ளை பிறந்தால் ஒரு வெடி. சாவு என்றால் அடுத்தடுத்து இரண்டு. என் அக்கா போஜம்மாவின் புருஷன் மாச்சையா, எனக்குப் பாவா, பட்டாளத்தில் சுபேதார். பாவம், அந்த மனுஷனுக்குத்தான் இந்தக் கணக்குத் தப்பியது.

மகன் பெள்ளியப்பா பிறந்த அன்று அடைமழை. பாவா லீவில் வந்திருந்தார். மருத்துவச்சி வெளியே வந்து "பையன்" என்றதும் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு முற்றத்துக்கு ஓடினார். ஒன்றைச் சுட்டார். சந்தோஷம் தலைக்கேறிய கை சும்மா இருக்குமா? மற்றதையும் சுட்டுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஊரே வெள்ளை உடுத்தி, குடையும் கையுமாக மேடேறி வந்தது. பெண்கள் வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே குழந்தை வீலென்று கத்தியது.

"ஏன்டா மாச்சையா, பட்டாளத்துல ஒண்ணு ரெண்டுகூடவா சொல்லித் தரல?" என்றார் பக்கத்துத் தோட்டத்து மந்தண்ணா.

"சொல்லித் தந்தாங்கண்ணே. பையன்னு சொன்னதும் மறந்துபோச்சு."

அழ வந்தவர்கள் பன்றிக்கறியும் கடம்புட்டு அரிசி உருண்டையும் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பச்சப்புள்ளைக்குச் சாவு வெடி போட்டுட்டாரே" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அது பாவா காதிலும் விழுந்தது.

பென்ஷனில் வந்தபிறகு அவருக்கு வீடுதான் உலகம். மகனின் ஷூவுக்குப் பாலிஷ் போடுவார், மழையில் பள்ளிக்கூடம்வரை தோளில் சுமப்பார். அக்காவுக்கு முதுகுவலி வந்ததும் அடுப்படியும் அவர் கைக்குப் போனது.

"சுபேதாருக்குப் பதவி உயர்வு. சமையல்காரர் ஆயிட்டார்" என்பேன்.

"உங்கக்கா சமையல்ல இருந்து தப்பிச்சேனே, அதுக்கே மெடல் குடுக்கணும்டா."

பையனும் பட்டாளத்துக்குத்தான் போனான். ஒரு நாள் காலையில் எல்லையிலிருந்து போன் வந்தது. எடுத்தவர் பாவா. கேட்டுவிட்டு ரிசீவரை மெதுவாக வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தே அக்கா தரையில் சரிந்துவிட்டாள்.

ஊருக்குச் சொல்ல வேண்டுமே என்று நான் துப்பாக்கியை எடுத்தேன். முதல் வெடி போட்டதும் பாவா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்டா ஐயண்ணா. இன்னொண்ணை நான் அன்னிக்கே போட்டுட்டேன்."

"பைத்தியமா உங்களுக்கு? கையை விடுங்க!"

விடவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் ஒற்றை வெடியைக் கேட்டுவிட்டு, "யார் வீட்டுல புள்ளை பொறந்திருக்கு?" என்று விசாரித்தார்களாம்.

அதன்பிறகு அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆயுதப் பண்டிகைக்கு நாங்கள் பூ வைத்துக் கும்பிடும்போது காப்பித் தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். ஒருமுறை அங்கே வைத்து என்னிடம் கேட்டார்.

"உங்கக்கா என்னைப் பத்தி ஏதாவது சொல்றாளா?"

"குழம்புல உப்பு ஜாஸ்தின்னு சொல்றா."

அவர் கேட்டது அதையல்ல என்று எனக்குத் தெரியும். மகனைக் கொன்றவன் என்று நினைக்கிறாளா என்றுதான் கேட்டார். அவர் வாயால் அதைச் சொல்லவில்லை. அக்காவோ மகனைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் சோறு பரிமாறிக்கொண்டு, வாய்மூடி வாழ்ந்தார்கள். என்ன வாழ்க்கை அது!

போன வாரம் பாவா போய்ச் சேர்ந்தார். துப்பாக்கியில் இரண்டு தோட்டா போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். அக்கா பின்னாலேயே வந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். முதுகுவலிக்காரி, தோளில் வைத்து இரண்டையும் அவளே சுட்டாள்.

"இன்னொரு தோட்டா குடு."

"எதுக்குக்கா?"

"அன்னிக்கு அவர் போட்டது ரெண்டும் புள்ளை பொறந்த சந்தோஷத்துக்குடா. எம்புள்ளை சாவுக்கு ஒண்ணு இன்னும் போடாம நிக்குது."

எனக்குப் பொறுக்கவில்லை. "இதை அந்த மனுஷன் உயிரோட இருக்கிறப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன்.

அக்கா என்னையே பார்த்தாள். "அவர் எங்கிட்ட கேக்கவே இல்லையேடா" என்றாள்.

நான் தோட்டாவை எடுத்துக் கொடுத்தேன்.