நான் எழுதிக் கொடுத்த மனு

போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்கிற எங்கள் ஏரியாவில், யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அரசு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷமாக ஃபைல் தள்ளுகிறவள். இங்கிலீஷ் மனு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதில் நான் பீற்றிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

எதிர்வீட்டுக்காரியின் புருஷன், கரையோரக் குடிசைகளை இடிக்கக் கூடாதென்று ஆட்களைத் திரட்டி ரோட்டில் உட்கார்ந்தவர். விசாரணையே இல்லாமல் நாலு மாதமாக ஜெயிலில் இருந்தார். மெயின்லேண்ட் வக்கீல் வரும்வரை காத்திருக்க முடியாமல், விடுதலை கேட்டு மனு எழுத அவள் என்னிடம் வந்தாள். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். தான் தப்பு செய்யவில்லை என்று எழுத வேண்டும், கெஞ்சக் கூடாது என்று புருஷன் சொல்லியனுப்பியிருந்தார்.

கடைசிப் பாராவில், அறியாமல் செய்த தவறை மன்னிக்கும்படி என் கை பாட்டுக்கு எழுதிவிட்டது. லீவு மனுவிலிருந்து எல்லா மனுவையும் அப்படித்தானே முடிப்பேன்? சரி, கைமேல் பழி போடுவானேன். எழுதியதைப் பார்த்தேன். அந்த வரியை அடிக்கப் போனேன். மன்னிப்பே கேட்காத இந்த மனுவை யார் எழுதிக் கொடுத்தது என்று நாளைக்குக் கேள்வி வந்தால்? ரிட்டயராக ஒரு வருஷம்தான் பாக்கி. அப்படியே விட்டுவிட்டேன். அவளுக்குத் தமிழில் சொல்லும்போது அந்த வரியை முழுங்கிவிட்டேன். நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாளில் யாரோ ஒரு அதிகாரி அந்த மனுவை ஜெயிலில் அவர் முன்னால் நீட்டியிருக்கிறார். உன் பெண்டாட்டியே மன்னிப்புக் கேட்டாயிற்று, நீயும் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றாராம். அவர் போடவில்லை. அடுத்த தடவை பார்க்கப் போனவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நடந்ததை ஜெயில் வார்டர்தான் அவளிடம் சொன்னாராம்.

அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, அந்த அர்ஜியில மாஃபி, மன்னிப்பு கேட்டு எழுதினீங்களா?"

அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். சீச்சீ, நான் ஏன் அப்படி எழுதப்போறேன், அந்த அதிகாரிங்களா எதையாவது சொல்லியிருப்பாங்க என்று கோபம் வந்தவள்போலச் சத்தம் போட்டேன். வெட்கங்கெட்டவள்.

அவள் முகம் தெளிந்துவிட்டது.

"எனக்குத் தெரியும்க்கா. அடுத்த வாரம் பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன். அவளைப் பார்க்காம இருக்க மாட்டாரு. அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணிச் சொல்றேன், அப்ப நம்புவாரு."

அடுத்த வாரம் மகளுக்குத் தலைவாரி, பூ வைத்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.