பல்லி சொல்லாத வீடு

எங்கள் அப்பாவுக்குப் பல்லி சொல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. மாடு வாங்குவதானாலும் கிணறு வெட்டுவதானாலும் பேச்சை எடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். பல்லி கத்தினால், எந்தத் திசையிலிருந்து கத்தியது என்று பார்த்துத்தான் முடிவு சொல்வார். அரிமளத்துப் பக்கம் எங்கள் ஓட்டு வீட்டில் பல்லிக்கா பஞ்சம்! நாள் முழுக்க ஏதாவது ஒன்று கத்திக்கொண்டே இருக்கும்.

மலேரியாவுக்கு மருந்து அடிக்க ஆட்கள் வந்தது ஐம்பதுகளின் நடுவில். சாமான்களையெல்லாம் வாசலில் இறக்கிப் போட்டோம். காக்கி உடுப்பும் கையில் பம்புமாக வந்த ஒருவர் மூலை முடுக்கு விடாமல் டி.டி.டி. அடித்தார்.

"அங்கிட்டு இன்னும் கொஞ்சம் அடிங்க, அந்த மூலையிலதான் கொசு அடையுது" என்று நான்தான் விளக்குமாற்றால் காட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே அடித்தார். அன்னவாசல்காரர். அம்மா பேச்சுக் கொடுத்ததில் தூரத்துச் சொந்தம், எனக்குக் கட்டிக்கொள்ளும் முறை என்று தெரிந்தது. எனக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

கொசு ஒழிந்தது. நடுக்கக் காய்ச்சல் இல்லாமல் ஊரே நிம்மதியாகத் தூங்கியது. அந்த நன்றியை இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்ச நாளில் பல்லிகள் சுவரிலிருந்து பொத் பொத்தென்று விழ ஆரம்பித்தன. மருந்து பட்ட பூச்சியைத் தின்ற வினை. விழுந்த பல்லியைத் தின்ற எங்கள் பூனை நிற்க முடியாமல் நடுங்கி நடுங்கிச் செத்தது. அதற்காக நான் அழுத அழுகை! பூனை போனதும் எலிகள் நெல் குதிருக்குள் குடித்தனம் வந்துவிட்டன. மூட்டைப்பூச்சியோ மருந்தைக் குடித்தே கொழுத்தது மாதிரி பெருகியது. கொசுவை அடிக்கப்போய் வீடே தலைகீழானது.

இந்த நேரம் பார்த்தா அந்த மருந்துக்காரர் வீட்டிலிருந்து பெண் கேட்டு ஆள் வர வேண்டும்? அப்பா வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அங்கே மருந்தின் வெள்ளைத் திட்டுதான் இருந்தது.

"பல்லி சொல்லட்டும், பாப்போம்" என்றார்.

நாள் போனது, மாதமும் போனது. அன்னவாசலில் அவருக்கு வேறு பெண் பார்க்கிறார்கள் என்று செய்தி வந்தது.

"தன் கல்யாணத்துக்குத் தானே மருந்து அடிச்சுட்டுப் போயிருக்காரு மாப்ள" என்று அம்மா சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா மறுபடி தொடங்கினாள். "அவங்களுக்கு ஒரு பதிலச் சொல்லி விடுங்க."

அப்பா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அவ்வளவுதான், நான் அடுப்படியிலிருந்தே கத்திவிட்டேன்.

"பல்லிதான் பூராவும் செத்துப்போச்சேப்பா, இனி எது வந்து சொல்லும்? நான் சொல்றேன். எனக்கு அவரப் பிடிச்சிருக்கு!"

அந்தக் காலத்தில் ஒரு பெண் இப்படிப் பேசுவதாவது! கரண்டியும் கையுமாக நின்றேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கோபமா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

பிறகு அம்மாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"எங்கிட்டு இருந்து சொல்லுச்சு?"

"அடுப்படியிலேருந்துங்க. கிழக்குப் பக்கம்."

"அப்பச் சரி. அவங்கள வரச் சொல்லு."